வடிகாலில் ஊற்றுவது எங்கே போகிறது? செட்டிநாட்டு வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

காரைக்குடியில் பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர், விளக்குமாறு, பிரஷ் விற்கிற கடை என்னுடையது. அப்பா ஆரம்பித்தது. நான் வேதியியல் படித்தவன் என்பது தெரிந்த நாளிலிருந்து, சாமான் வாங்க வருகிறவர்கள் கையோடு சந்தேகத்தையும் கொண்டுவருகிறார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு, பொங்கல் என்று ஏதாவது நெருங்கி, பூட்டிக் கிடந்த வீடுகள் திறக்கிற வாரங்களில் ஒரே கேள்வியை ஒரே நாளில் நாலு பேர் கேட்பார்கள். சொல்லிச் சொல்லித் தொண்டை போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

கழுவி விட்டா தண்ணியோட போயிடுது. அப்புறம் அதைப் பத்தி என்ன கவலை?

போகிறது, ஆனால் ரொம்ப தூரம் போவதில்லை. நம் வீடுகளில் தண்ணீர் வெளியேற இரண்டு வழி. கழிப்பறைத் தண்ணீர் செப்டிக் டேங்குக்குப் போய், அங்கிருந்து உறிஞ்சு குழி வழியாக மண்ணுக்குள் இறங்குகிறது. அதே மண்ணில்தான் கிணறும் இருக்கிறது. அடுப்படி, குளியல், துணி துவைக்கும் இடத்துத் தண்ணீர் தெருவாய்க்காலுக்குப் போய், பள்ளம் பார்த்துச் சேர்கிறது. பல ஊர்களில் அந்தப் பள்ளம் ஊருணி.

இது தற்செயலாக நடப்பதல்ல. முற்றத்தில் விழுகிற மழைத்தண்ணீரும் தெருவில் விழுகிற மழைத்தண்ணீரும் ஒரு சொட்டு வீணாகாமல் ஊருணிக்குப் போக வேண்டும் என்றுதான் நம் பெரியவர்கள் வாட்டம் பார்த்து வாய்க்கால் வெட்டினார்கள். மழைக்காக வெட்டிய அதே வாய்க்காலில் இன்று சோப்புத் தண்ணீர் ஓடுகிறது. வாட்டம் அப்படியே இருக்கிறது, தண்ணீர்தான் மாறிவிட்டது.

பெரிய பட்டணங்களில் சுத்திகரிப்பு நிலையம் உண்டே என்று சொல்லலாம். அவைகூட மலம், சாப்பாட்டுக் கழிவு போன்ற மக்கும் பொருளைக் குறைக்கக் கட்டப்பட்டவைதான். பூச்சிமருந்தும் பாதரசமும் அவற்றின் கணக்கில் பெரிதாக வருவதில்லை.

நாங்க வாங்குற பாட்டில்ல அப்படி என்னதான் இருக்கு?

நீலநிறக் கழிப்பறை கிளீனரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம், சுமார் 10 சதவீதம். டைல்ஸ் கழுவ விற்கிற ஆசிட்டும் அதே அமிலம்தான், அடர்த்தி அதிகம். அடைப்பு எடுக்கும் பொடி என்பது காஸ்டிக் சோடா. பிளீச்சிங் பவுடர் சுண்ணாம்பில் குளோரினை ஏற்றியது. புதிதாக இருக்கும்போது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வேலை செய்யும் குளோரின் இருக்கும். பிரித்து வைத்த பாக்கெட் மாதக்கணக்கில் கிடந்தால் வீரியம் இறங்கிவிடும். 'போட்டுப் பார்த்தேன், கேட்கவில்லை' என்று இன்னும் இரண்டு கிலோ வாங்கிப் போகிறவர்கள் கதை பெரும்பாலும் இதுதான்.

பாச்சை உருண்டை நாப்தலீன். அதைக் கைகழுவும் தொட்டியில் போட்டு வைக்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீரோடு போகும், மீனுக்கு ஆகாது. மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை வாயில் போட்டுக்கொண்டால், சில குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைகிற அளவுக்குப் போகும். பட்டுச்சேலைப் பெட்டிக்கு வசம்பு போதும்.

கருப்பு பினாயில் நல்லதா, வெள்ளை பினாயில் நல்லதா?

கருப்பு என்பது நிலக்கரித் தாரிலிருந்து வருகிற பீனால் வகைகள். கிருமிக்கும் கடுமை, மீனுக்கும் கடுமை, வீட்டுப் பூனைக்கும் கடுமை. வெள்ளை பழைய முறையில் பைன் எண்ணெயில் செய்வது. இப்போது வருகிறவற்றில் பல, வாசனையும் வேறு கிருமிநாசினியும் கலந்த பால்நிறத் தண்ணீர். வீட்டுத் தரைக்கு வெள்ளையே போதும். வாசனை தூக்கலாக இருந்தால் சுத்தம் தூக்கலாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

ஆசிட் ஊத்துனா செப்டிக் டேங்க்ல இருக்குற பூச்சியெல்லாம் செத்துடும்னு சொல்றாங்களே?

பூச்சி என்று நீங்கள் சொல்வது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. காற்றில்லாத இருட்டில் உட்கார்ந்து மலத்தைக் கரைப்பது அவைதான். வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மூடி கிளீனர் போட்டுத் தேய்த்தால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது, டேங்கில் இருக்கிற தண்ணீரில் அது நீர்த்துப்போகும். பிரச்சினை, மொத்தமாக ஊற்றும்போதுதான். ஒரே நாளில் ஆறு கழிப்பறைக்கும் ஆளுக்கொரு பாட்டில் ஆசிட், மறுநாள் பிளீச்சிங் பவுடர் என்று போட்டால் டேங்க் செத்துப்போகும். கரையாத கசடு உறிஞ்சு குழிக்குத் தாண்டிப் போய் மண்ணின் கண்களை அடைக்கும். அப்புறம் கல்யாண வீட்டில் முந்நூறு பேர் வந்திருக்கும் நாளில் கழிப்பறை எதிர்த்துக்கொண்டு வரும்.

அடித்த அடியிலிருந்து டேங்க் தானாகவே மீளும். புதிதாக வருகிற கழிவிலேயே பாக்டீரியா இருக்கிறது. அதற்கென்று விற்கிற பொடி அவசியமில்லை. என் கடையிலும் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

முக்கியமான ஒன்று: கழிவு எடுக்கும் லாரி வருகிற அன்று ஆசிட் ஊற்றாதீர்கள். தேங்கிய கழிவில் ஆசிட் பட்டால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். மூடியைத் திறக்கிறவர் அதைச் சுவாசித்தால் மயங்கி விழுவார். எந்தக் காரணத்துக்காகவும் ஆளை டேங்குக்குள் இறக்கக் கூடாது, 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

வீட்டை வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் திறக்கிறோம். திறந்ததும் பாத்ரூம் நாத்தம் தாங்கல. எந்த பினாயில் போடலாம்?

எனக்கு அதிகம் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் பதிலுக்குக் காசு கிடையாது. கழிப்பறைக் கோப்பையிலும் தரை ஜாலிக்கு அடியிலும் வளைந்த குழாய் ஒன்று இருக்கும். அதில் தேங்கி நிற்கிற ஒரு சொம்புத் தண்ணீர்தான் டேங்கின் நாற்றத்தை வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. எட்டு மாதம் பூட்டிக் கிடந்தால், அதுவும் சித்திரை வைகாசி வெயிலில், அந்தத் தண்ணீர் வற்றிவிடும். அப்புறம் டேங்குக்கும் பட்டாலைக் கூடத்துக்கும் நடுவே மூடியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திறந்ததும் ஒவ்வொரு கோப்பையிலும் ஜாலியிலும் ஒரு வாளி வெறுந்தண்ணீர் ஊற்றிக் கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள். மத்தியானத்துக்குள் பாதி நாற்றம் போய்விடும். ஊருக்குக் கிளம்பும்போது தண்ணீர் ஊற்றி, அதன் மேல் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டுவிட்டுப் போங்கள். எண்ணெய் ஆடை மாதிரி மிதந்து தண்ணீர் ஆவியாவதைத் தாமதமாக்கும். பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, 'இதுக்கா நான் வருஷா வருஷம் பத்து லிட்டர் பினாயில் வாங்கினேன்' என்று என்னையே முறைத்தார்.

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போட்டா பளிச்சுன்னு ஆகுமாமே?

ஆகாது. ஆள்தான் போவார். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தில் ஈப்ர என்ற ஊருக்கருகே ஜெர்மன் படை பதுங்குகுழிகளை நோக்கித் திறந்துவிட்டது இதே வாயுதான். காற்றைவிட இரண்டரை மடங்கு கனம் என்பதால் தரையோடு தங்கும். குனிந்து தேய்க்கிறவர் மூக்குக்கு நேராக.

எங்கள் வீட்டிலேயே நடந்திருக்கிறது. தாத்தா வீட்டைத் திறந்த வருஷம், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் முதலில் பிளீச்சிங் பவுடரைத் தூவி ஊறவைத்துவிட்டு, கறை போகவில்லை என்று அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றினார். ஜன்னல் ஒரு சாண் அகலம். அவர் இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்து முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. கண் ரெண்டும் செக்கச்செவேல். இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்து தேறினார். இரண்டையும் கொடுத்தனுப்பியது எங்கள் கடைதான். சேர்க்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அப்படி ஆகிவிட்டால் உடனே வெளியே வந்து கதவைத் திறந்து விடுங்கள். சரிசெய்கிறேன் என்று மேலும் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரி. வெவ்வேறு நாளில் போட்டாலும், இடையில் தண்ணீர் ஊற்றி நன்றாகக் கழுவிவிட வேண்டும். காஸ்டிக் சோடா போட்ட அடைப்பில் ஆசிட்டை ஊற்றுவதும் இதே வகை முட்டாள்தனம். அங்கே வாயு இல்லை, கொதித்து முகத்தில் தெறிக்கும்.

ஆத்தங்குடி கல்லுல கறை. லேசா ஆசிட் வச்சுத் துடைக்கலாமா?

கூடாது. அந்தக் கல் சுட்ட ஓடு அல்ல. சிமெண்டும் நம் ஊர் மணலும் நிறப்பொடியும் சேர்த்துக் கண்ணாடி மேல் வார்த்தது. ஆசிட் பட்டதும் 'புஸ்' என்று நுரைக்கிறதே, அழுக்கு வெளியேறுகிறது என்று நினைக்கிறோம். கல்தான் கரைகிறது. நாலு தடவை செய்தால் பூ மங்கி, கை வைத்தால் சொரசொரக்கும். முட்டையும் சுண்ணாம்பும் பூசி மெழுகிய பழைய சுவருக்கும் இதே பதில். ஈரத்துணியால் தினமும் துடையுங்கள். கால் படப்படத்தான் அந்தக் கல்லுக்குப் பளபளப்பு ஏறும்.

சோப்புத்தூள் தண்ணியில நுரை அவ்வளவு வருது. அது விஷமா?

நுரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 1950-களில் வந்த சலவைத்தூள்களில் மக்காத வேதிப்பொருள் இருந்ததால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகள் மலைமலையாக நுரைத்தன. 1960-களில் மக்கும் வகைக்கு மாற்றினார்கள். இன்று நாம் வாங்குவதும் அந்த மாற்று வகைதான். ஆனால் அது மக்குவதற்குக் காற்று வேண்டும். காற்றில்லாத செப்டிக் டேங்கில் அப்படியே தங்கும். துவைக்கிற தண்ணீரை டேங்குக்குள் விடாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊருணிக்குப் பெரிய எதிரி, பாஸ்பேட். சில தூள்களில் இன்னும் சேர்க்கிறார்கள். பாஸ்பேட் என்பது உரம். வயலுக்குப் போனால் நெல் வளரும், ஊருணிக்குப் போனால் பாசி வளரும். பாசி அழுகும்போது தண்ணீரிலிருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தால் அதுதான் சங்கதி. ஆற்றில் விழுந்தது அடித்துக்கொண்டு போகும், ஊருணி அப்படியல்ல. ஐப்பசி கார்த்திகையில் நிறைந்த தண்ணீர் வெயிலில் ஆவியாகிப் போகும், அதில் கரைந்தது அடியிலேயே தங்கும்.

பித்தளை அண்டா, குண்டான் எல்லாம் இறக்கினா கருத்துப் போயிருக்கு. எதைப் போட்டுத் தேய்க்க?

புளியும் கொஞ்சம் உப்பும். வேறெதுவும் வேண்டாம். ஆசிட்டில் முக்கி எடுத்தால் நிமிஷத்தில் பளபளக்கும் என்பது உண்மை. ஆனால் செம்பும் துத்தநாகமும் கரைந்த நீலத் தண்ணீர் அவ்வளவும் வாய்க்காலுக்குப் போகும். செம்பு, தண்ணீரில் வாழும் சின்ன உயிர்களுக்கு நஞ்சு.

எங்க வீட்டுக் கிணத்துக்கும் உறிஞ்சு குழிக்கும் இடையில இருபது அடிதான். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மனசு வரவில்லை. இந்தியத் தர அமைப்பின் விதி, குடிநீர்க் கிணற்றிலிருந்து உறிஞ்சு குழி குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. கிட்டத்தட்ட 60 அடி. பழைய வீடுகளில் கழிப்பறை பின்னால் சேர்த்துக் கட்டியது, இருந்த இடத்தில் குழி தோண்டியிருப்பார்கள். நம் செம்பாறாங்கல்லில் துளையும் வெடிப்பும் அதிகம். தண்ணீர் சல்லடையில் வடிகிற மாதிரி வடிகட்டிக்கொண்டு வராமல், வெடிப்பு வழியாக நேராக ஓடியும் வரலாம்.

குழியை இடம் மாற்ற முடியாவிட்டால், அந்தக் கிணற்றைக் குடிக்கப் பயன்படுத்தாதீர்கள். கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், கழிவு கலக்கிறதோ என்று முதலில் குழியைச் சந்தேகப்படுங்கள். பால் புட்டிக் குழந்தை உள்ள வீட்டில் இது விளையாட்டில்லை.

கொதிக்க வச்சு ஆறவச்சுக் குடிச்சா சரியாப் போயிடும்ல?

கிருமிக்குச் சரி. நைட்ரேட், செம்பு, உப்பு, பூச்சிமருந்தின் பெரும்பகுதி இவையெல்லாம் கொதித்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அவற்றின் அடர்த்தி கூடும். ரசம் சுண்டினால் உப்புக் கரிக்கிறதே, அதே கணக்கு. ஆர்.ஓ. இயந்திரம் இவற்றில் நிறையக் குறைக்கும், ஆனால் அது ஒதுக்கித் தள்ளுகிற தண்ணீர் மறுபடி உங்கள் வாய்க்காலுக்குத்தான் போகிறது.

காலாவதி மாத்திரை, உடைஞ்ச தெர்மாமீட்டர், இதெல்லாம் கழிப்பறையில போட்டுத் தண்ணி ஊத்திடலாமா?

ரெண்டும் கூடாது. மருந்து நம் உடம்பில் வேலை செய்வது போலவே வேறு உயிரின் உடம்பிலும் வேலை செய்யும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அந்த இனத்தையே கிட்டத்தட்டத் துடைத்தெடுத்தது. 2006-ல் மாட்டுக்கு அதைத் தடை செய்தார்கள். அது தண்ணீர் வழியாக நடந்ததல்ல, ஆனால் மருந்து நம்மைத் தாண்டியும் போகும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். ஆன்டிபயாடிக் டேங்குக்குள் விழுந்தால், அதைத் தாங்கப் பழகிய கிருமிகள் பிழைத்துப் பெருகும். மாத்திரைகளை அட்டையிலிருந்து உரித்து, ஈரத் தேயிலைத்தூளோடு பிசைந்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். மருந்துக்கடையில் திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.

தெர்மாமீட்டர் பாதரசம் உருண்டோடினால் கெட்டி அட்டையால் ஒன்றுசேர்த்து, மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் தண்ணீருக்கு அடியில் வையுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் இன்னும் பொடிப்பொடியாகச் சிதறும். வடிகாலில் போனால், சேற்றிலுள்ள பாக்டீரியா அதை மீனின் உடம்பில் சேரக்கூடிய கொடிய வடிவமாக மாற்றும்.

கரையான் மருந்து அடிச்சாங்க. மிச்சம் அரை பக்கெட் இருக்கு. எங்க ஊத்த?

பர்மாத் தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் காப்பாற்ற நமக்கு இது தவிர்க்க முடியாத செலவு, புரிகிறது. ஒரு காலத்தில் ஆல்ட்ரின் அடித்தார்கள், அது இப்போது தடை. இன்று வருகிற குளோர்பைரிபாஸ், பைபென்த்ரின் எல்லாம் மீனுக்குக் கொடிய விஷம், மிகக் குறைந்த அளவே போதும். அந்த அரை பக்கெட்டை வாய்க்காலில் விட்டால் ஊருணிக்கு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் வராமல் கலக்கச் சொல்லுங்கள். வந்துவிட்டால், மருந்து அடிக்க வேண்டிய வேறு சுவரோரத்திலேயே அடித்துத் தீர்க்கச் சொல்லுங்கள், கிணற்றுப் பக்கம் வேண்டாம். காலி டப்பாவை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரையும் தெளிப்பானிலேயே ஊற்றி அடிக்க வேண்டும். தெளிப்பானை ஊருணிப் படியில் வைத்துக் கழுவுகிறவரைக் கண்டால் வெட்கப்படாமல் சத்தம் போடுங்கள். டப்பாவில் துளை போட்டுவிடுங்கள், இல்லையென்றால் யாராவது எடுத்துப்போய் மண்ணெண்ணெய் வைப்பார்கள், தண்ணீரும் வைப்பார்கள்.

பெயிண்ட் பிரஷ்ஷைத் தின்னர்ல கழுவுன தண்ணி?

அதை ஒரு டப்பாவில் மூடி வைத்தால் இரண்டு நாளில் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்த தின்னரை மறுபடி பயன்படுத்தலாம். கசடைக் காயவிட்டுக் குப்பையில் போடுங்கள். பழைய கம்பிகளைச் சுரண்டும்போது கூடுதல் கவனம் வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கம்பியில் இருப்பது தாத்தா காலத்துப் பெயிண்ட். செதிலைத் தண்ணீர் விட்டுக் கழுவித் தள்ளாமல், சாக்கு விரித்து அள்ளுங்கள்.

பூந்திக்கொட்டை, சீயக்காய், பயோ என்சைம்னு இயற்கையா மாறிட்டா எவ்வளவு வேணும்னாலும் ஊத்தலாமா?

பூந்திக்கொட்டை நுரைப்பது சபோனின் என்ற பொருளால். அது மீனின் செவுளைத் தாக்கும். இந்த வகைக் காய்களை இடித்துக் குளத்தில் போட்டு மீன் பிடிக்கிற வழக்கம் பல நாடுகளில் உண்டு. ஆகவே இயற்கை என்றால் பரம சாது என்றில்லை. ஆனால் சீக்கிரம் மக்கிவிடும், அதுதான் அதன் பெருமை.

வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சைத் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு என்று மூன்று மாதம் ஊறவைக்கிற பயோ என்சைம் பெரும்பாலும் புளித்த காடிதான். தரை துடைக்க நன்றாகவே இருக்கும். அதுவும் அமிலம், பிளீச்சிங் பவுடர் பக்கம் கொண்டுபோகாதீர்கள், காரணம் மேலே சொன்னேன். சமையல் சோடாவும் வினிகரும் கலந்து ஊற்றுகிற வீடியோக்கள் வேடிக்கை. ஒன்றை ஒன்று தின்றுவிட்டு மிஞ்சுவது உப்புத்தண்ணீர்.

அடுப்படித் தண்ணிய வாழைக்கு விட்டுட்டா வாய்க்காலுக்கே போகாதே?

நல்ல யோசனை, பாத்திரம் கழுவிய தண்ணீர் வரைக்கும். வாழையும் கல்வாழையும் தாங்கும். கீரைக்கு வேண்டாம். சலவைத்தூளில் சோடியம் அதிகம், வருஷக்கணக்கில் ஒரே பாத்தியில் விட்டால் மண் இறுகித் தண்ணீர் இறங்காது. இரண்டு மூன்று இடமாக மாற்றி விடுங்கள். ஆசிட், பிளீச்சிங், பினாயில் போட்டுக் கழுவிய அன்று வாழைப்பக்கம் திருப்பாதீர்கள்.

இவ்வளவு சொல்றீங்க, நீங்களே ஏன் இதையெல்லாம் விக்கிறீங்க?

நியாயமான கேள்வி. பிழைப்பு என்பது ஒரு பதில். பிளீச்சிங் பவுடரும் கிளீனரும் அளவோடு போட்டால் தேவையான பொருள்கள் என்பது இன்னொரு பதில். ஆசிட்டுக்கு 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி அடையாள அட்டை பார்த்து, பெயர் முகவரி எழுதித்தான் கொடுக்கிறேன். அந்த நோட்டை எடுக்கும்போதே 'எத்தனை கழிப்பறை?' என்று கேட்பேன். ஆறு கழிப்பறைக்கு இருபது லிட்டர் என்றால் இரண்டு லிட்டர் கிளீனரும் ஆறு பிரஷ்ஷும் எடுத்து வைப்பேன். சிலர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார்கள். அங்கே இருபது லிட்டரும் கிடைக்கும்.